பெயர் சொன்னவள்

எவேலியோ இஸ்திரி போட்ட சட்டையை ஹவானாவுக்குக் கிழக்கே எங்கள் மத்தான்சாஸ் ஊரில் யாரும் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். கழுத்துப்பட்டை கத்தி மாதிரி நிற்கும். அரசுச் சலவை நிலையத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தான். வரதேரோ கடற்கரை ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, திரைச்சீலை எல்லாம் லாரியில் அங்கேதான் வரும். வெள்ளிக்கிழமை வருகிற திரைச்சீலை திங்கட்கிழமை திரும்பிப் போகும். நடுவில் இருக்கிற சனிக்கிழமை எங்களுடையது.

சனிக்கிழமை பிற்பகலில் மேட்டுத் தெருவில் நிவால்டோ வீட்டு முற்றத்தில் கூடுவோம். நிவால்டோ பெண்கள் அழகு நிலையத்தில் முடி அலங்காரம் செய்பவன். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஹோட்டல் திரைச்சீலையை உடம்பில் சுற்றிக் குண்டூசி குத்தினால் எவேலியோ மார்க்கேசா என்கிற சீமாட்டி ஆகிவிடுவான், நிவால்டோ மக்னோலியா. கண்மைக்குச் செருப்பு பாலிஷ். வலைக் காலுறைக்கு நிஜமாகவே மீன்வலை. பாட்டு ஓடும், இவர்கள் வாயசைத்து ஆடுவார்கள். டேப் ரெக்கார்டரை அமுக்குவது என் வேலை. நான் தாதேயோ, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். ஆட வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு; முகத்தில் ஒரு பொட்டு பாலிஷ் பட்டாலே ஓடிப்போய்க் கழுவிவிடுவேன்.

எங்களுக்குள் பேச்சில் எல்லோரும் ‘அவள்’தான். படிக்கிறவர் குழம்பக் கூடாதே என்று எழுத்தில் ‘அவன்’ என்று போடுகிறேன்.

எவேலியோவும் நிவால்டோவும் ஒருநாளும் காதலர்கள் இல்லை. அதைவிடப் பெரிய உறவு. அறுபத்தாறாம் வருடம், இருபது வயதுகூட ஆகாத இருவரையும் ‘ஆம்பளையாக்குகிறோம்’ என்று கமாகுவேயில் கரும்பு வெட்டும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் முதல் சந்திப்பு. ஒருநாள் இவர்கள் இருவரின் படுக்கைகளுக்கு நடுவே ஒரு உதட்டுச்சாயக் குப்பி அகப்பட்டது. அது நிவால்டோவுடையது என்பது எவேலியோவுக்குத் தெரியும். யாருடையது என்று அதிகாரி எவேலியோவைக் கேட்டார். இவன் வாயைத் திறக்கவில்லை. அவனைச் சிவப்பெறும்புப் புற்றின் மேல் காலை எட்டு மணி முதல் பொழுது சாயும்வரை நிற்க வைத்தார்கள். முழங்கால்வரை புண்ணாகி, தழும்பு கடைசிவரை இருந்தது. குட்டைப் பாவாடை போடும்போதெல்லாம் அதன் மேல் மாவு பூசுவது நிவால்டோதான், வேறு யாரையும் தொட விடமாட்டான்.

எண்பத்தெட்டாம் வருடம் ஏப்ரலில் நிவால்டோவுக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை. ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்தார்கள். எய்ட்ஸ் கிருமி இருக்கிறது என்று வந்தது. அந்தக் காலத்தில் கிருமி இருந்தால் சானடோரியம்தான், வீடு கிடையாது. ஊருக்கு வெளியே மாந்தோப்புக்குள் வேலி போட்டுச் சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டியிருந்தார்கள். முழுச் சம்பளம் உண்டு, கறியும் பாலும் உண்டு, வெளியே போகத்தான் முடியாது. உள்ளே போகிறவனிடம் முதலில் கேட்பது, யார் யாரோடு படுத்தாய் என்பது. பெயர் சொல்ல வேண்டும். சொன்ன பெயர்க்காரனைத் தேடிப் போய் ரத்தம் எடுப்பார்கள்.

எவேலியோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்க்கப் போனான். கொய்யாப் பாகுக் கட்டியை வாழையிலையில் சுற்றிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, மிச்ச தூரத்தை நடந்து போவான். இரண்டாம் ஞாயிறு முடிந்து திரும்பிய மறுநாளே சலவை நிலையத்துக்கு ஒரு நர்ஸ் வந்து அவனைத் தனியாகக் கூப்பிட்டு, உன் பெயர் வந்திருக்கிறது, ரத்தம் வேண்டும் என்றாள். யார் கொடுத்த பெயர் என்று அவன் கேட்டான். அதைச் சொல்லச் சட்டம் இல்லை என்றுவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அதை நிவால்டோவிடம்தான் சொல்லி அழுதான். எவனோ ஒரு நாய் என் பெயரைக் கொடுத்துவிட்டான் என்றான். நிவால்டோ அவன் கையைப் பிடித்துக்கொண்டான். உனக்கு ஒன்றும் இருக்காது, கவலைப்படாதே என்றான். கொண்டுபோன கொய்யாப் பாகை அன்றைக்கு உட்கார்ந்து முழுவதையும் தின்றானாம். அதை எவேலியோ பின்னால் எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறான்.

எவேலியோவுக்கும் கிருமி இருக்கிறது என்று முடிவு வந்தது. ஜீப் வந்தது. சலவை நிலையத்தில் சாப்பாட்டு நேரம். எல்லோரும் தட்டோடு வாசலில் நிற்கிறார்கள். கையுறை போட்ட இரண்டு பேர் எவேலியோவை ஏற்றினார்கள். அவன் பயன்படுத்திய இஸ்திரிப் பெட்டியை ஒருத்தி சாராயம் ஊற்றித் துடைப்பதை ஜீப்பிலிருந்தே பார்த்தான்.

சானடோரியத்தில் நிவால்டோ வாசலுக்கே ஓடி வந்து கட்டிக்கொண்டான். நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்று டைரக்டரிடம் முன்பே கேட்டு வாங்கியிருந்தான். கட்டில் விரித்து வைத்திருந்தான். ஜாடியில் பூ வைத்திருந்தான். இவளைப் போல் ஒரு ஜீவன் கூட இல்லாமல் போயிருந்தால் முதல் வாரமே தூக்கில் தொங்கியிருப்பேன் என்று எவேலியோ எனக்குக் கடிதம் எழுதினான்.

என் பெயரை வேறொருவன் கொடுத்து, அடுத்த வருடம் ஆகஸ்டில் நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். என் கதை இருக்கட்டும். நான் போனபோது அவர்கள் இருவரும் கணவன் மனைவி மாதிரி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சமைப்பான், ஒருவன் துவைப்பான். சாப்பாட்டுக் கூடத்தில் மாதம் ஒரு ஆட்டம் போட அனுமதி வாங்கியிருந்தார்கள். வெளியே ஜன்னலைச் சாத்திவிட்டு ஆடியதை உள்ளே டாக்டர்களும் நர்ஸ்களும் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிப் பார்த்தார்கள். டேப் ரெக்கார்டர் மறுபடி என் கைக்கு வந்தது.

சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் பேச்சு அந்த இடத்துக்கே போகும். பெயர் கொடுத்தவன் யார்? எவேலியோ ஒவ்வொருவனாக நினைத்துப் பார்ப்பான். கடைசியில் கார்தெனாஸ் ஊர் லாரி டிரைவர் ரிகோபெர்தோவின் மேல் சந்தேகம் வந்து நின்றது. கல்யாணமானவன், இரண்டு வருடம் இவனோடு பழகிவிட்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டவன். அவனுக்கு எவேலியோ ஒரு கடிதம் எழுதினான். அதில் இல்லாத வசவில்லை. சரியான வார்த்தை வராமல் தடுமாறியபோதெல்லாம் நிவால்டோ எடுத்துக் கொடுத்தான். ‘கூட இருந்தே குழி பறித்தவனே’ என்கிற வரி நிவால்டோ சொன்னது. கடிதம் ரிகோபெர்தோவின் மனைவி கைக்குப் போனது. அவள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள்.

தொண்ணூறு ஜனவரியில் ஹவானாவிலிருந்து ஒரு இளம் டாக்டரம்மா வந்தாள். இவெட் என்று பெயர். பெரிய தாளில் வட்டம் வட்டமாக வரைந்து கோடு இழுத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு வட்டமும் ஒரு ஆள், கோடு போகிற வழி நோய் போன வழி. ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சரிபார்த்தாள். எவேலியோ யார் பெயரையும் கொடுக்காததால் அவன் வட்டத்திலிருந்து ஒரே ஒரு கோடுதான். அது நிவால்டோவின் வட்டத்தில் முடிந்தது. எத்தனை வருடமாக நீங்கள் ஜோடி என்று பேனாவைத் திறந்தபடி கேட்டிருக்கிறாள். நாங்கள் ஜோடி இல்லை என்றிருக்கிறான் இவன். அவள் ஃபைலைப் புரட்டிவிட்டு, அவர் அப்படித்தானே எழுதிக் கொடுத்திருக்கிறார், ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்றாளாம். அவளுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

நான் அப்போது அவர்கள் வீட்டுச் சமையலறையில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிவால்டோ வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தான். எவேலியோ வந்து நிலைப்படியில் நின்றான். முகத்தில் கோபம்கூட இல்லை.

“அடுப்ப அணைடி,” என்றான்.

நிவால்டோ திரும்பிப் பார்த்தான். பார்த்ததுமே புரிந்துவிட்டது. அணைத்தான்.

“நீதானா?”

“எவே, உக்காரு. சொல்றேன்.”

“உக்கார மாட்டேன். நீதானான்னு கேட்டேன்.”

நிவால்டோ தலையாட்டினான். நெஜமா இந்த நோய யார்கிட்ட வாங்கினேன்னு எனக்கே தெரியாது, ஒரு கப்பல்காரன், பேர்கூட கேக்கல என்று ஆரம்பித்தான். அறுவைச் சிகிச்சைத் தையல்கூடப் பிரிக்கவில்லை, மூன்று பேர் சுற்றி நின்று ஒரு பெயராவது சொல் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், பெயர் சொல்லாமல் விடமாட்டார்கள் என்று பட்டது என்றான்.

“அதுக்கு என் பேரா? நான் உன்னத் தொட்டதுகூட இல்லையேடி.”

“அதனாலதான்டி. உனக்கு ஒண்ணும் இருக்காது, ரத்தம் பாப்பாங்க, சுத்தம்னு வரும், விட்டுடுவாங்க. உனக்கு நஷ்டமே இல்லன்னு நெனச்சேன்.” பிறகு குரல் மாறியது. “ஆனா இருந்துச்சே எவே. நான் சொல்லாட்டியும் உனக்கு இருந்துச்சு. வேற எவனோ குடுத்தது. நான் குடுக்கல.”

அது உண்மைதான். சானடோரியத்தில் பாதிப் பேர் பிற்பாடு அதையேதான் சொன்னார்கள்: அவன் பெயர் சொன்னதால்தானே உனக்கு இருப்பது தெரிந்தது, அவன் உனக்கு நல்லதுதான் செய்திருக்கிறான் என்று. தெரிந்து என்ன ஆயிற்று? மருந்து இல்லாத காலம். தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு மூன்று வருடம் அவன் தன் வீட்டில், தன் வேலையில், தன் சனிக்கிழமையில் இருந்திருப்பான்.

எவேலியோ அந்த வாதத்துக்கெல்லாம் போகவில்லை.

“எறும்பு கடிச்சப்போ எனக்கும் ஒரு பேரு தெரிஞ்சுதான் இருந்துச்சு,” என்றான். “சொல்லியிருந்தா அரை நிமிஷத்துல எறங்கியிருப்பேன்.”

நிவால்டோ முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான். எவேலியோ சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். அன்று மாலையே வேலியோரம் காலியாக இருந்த வீட்டுக்கு மாறிவிட்டான்.

அந்த வாரமே செய்த இன்னொரு காரியம், நர்ஸ் ஒருவரின் காவலோடு வெளியே போக அனுமதி வாங்கி, கார்தெனாஸுக்குப் போனது. ரிகோபெர்தோ கதவைத் திறந்தான், உள்ளே கூப்பிடவில்லை. அவன் தானாகப் போய் ரத்தம் சோதித்துப் பார்த்திருந்தான். அவனுக்கு ஒன்றும் இல்லை. மனைவி திரும்பி வரவில்லை. தப்பான ஆளுக்கு எழுதிவிட்டேன், மன்னித்துவிடு என்று எவேலியோ வாசலில் நின்றபடியே சொல்லியிருக்கிறான். அந்த லெட்டரில் இருந்தது உன் வார்த்தை இல்லை, உன் பேச்சு எனக்குத் தெரியும், இவ்வளவு அழகாகத் திட்ட உனக்கு வராது என்றானாம் ரிகோபெர்தோ. பிறகு கதவைச் சாத்திவிட்டான்.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நானூறு அடி தூரத்தில் இரண்டு வீடு. ஒரே கூடத்தில் சாப்பாடு. ஒரே மேடையில் ஆட்டம். முன்பெல்லாம் அக்கா தங்கையாக ஒன்றாக ஆடுகிற உருப்படி ஒன்று இருந்தது, அதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். இப்போது எவேலியோ தனியாக ஆடிவிட்டு இறங்கிப் போனபிறகுதான் நிவால்டோ ஏறுவான். இரண்டு பேருக்கும் டேப்பை அமுக்குவது நான். இரண்டு பேரும் என் மூலமாகத்தான் ஒருவரையொருவர் விசாரித்தார்கள். நிவால்டோ நேராகவே கேட்பான், சாப்பிடுகிறாளா, இருமல் நின்றதா என்று. எவேலியோ சுற்றி வளைப்பான். அந்தப் பக்கத்து வீட்டுக் கூரை ஒழுகுதாமே என்பான். ஒழுகவே இல்லை.

எவேலியோ சானடோரியத்தின் சலவை வேலையை முழுக்கத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். வெளியே அப்போது பஞ்சம். ஊரில் ஜனங்கள் சோப்பில்லாமல், ரொட்டியில்லாமல், சைக்கிளில் அலைந்தார்கள். உள்ளே எங்களுக்குச் சாப்பாடு குறையவில்லை. எவேலியோ தன் பங்குக் கறியை உப்புப் போட்டு உலர்த்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற தங்கை நெரெய்தாவிடம் கொடுத்தனுப்புவான். அவள் குழந்தைகள் அதில்தான் வளர்ந்தன.

தொண்ணூற்றிரண்டில் நிவால்டோ நோயில் விழுந்தான். முதலில் எடை போயிற்று, பிறகு பார்வை. மே மாதம் ஒரு கண், ஆகஸ்டில் மறு கண். செப்டம்பரில் சானடோரியத்தின் ஆண்டு விழா. தான் ஆடியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாயசைப்பதாக ஏற்பாடு. அன்று மதியம் என்னைக் கூப்பிட்டான்.

“மேக்கப் போட அவளக் கூப்பிடு. என் முகம் அவளுக்குத்தான் தெரியும்.”

வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். எவேலியோ கையைத் துடைத்துக்கொண்டு உடனே கிளம்பினான்.

இப்போது எங்களிடம் நிஜமான மையும் சாயமும் இருந்தன; நர்ஸ்கள் எங்கெங்கோ தேடி வாங்கித் தந்தவை. எவேலியோ நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினான். நிவால்டோவின் தாடையை நிமிர்த்தி, மாவு பூசி, கன்னத்தின் பள்ளங்களை நிறத்தால் நிரப்பினான். செத்துக்கொண்டிருந்த முகத்தில் மக்னோலியா மெல்ல வந்து உட்கார்ந்தாள். வலது கண் முடிந்தது. இமைமேல் இறக்கை மாதிரி ஒரு கோடு. அப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை.

“பேச வேண்டாம்டி,” என்றான் நிவால்டோ. “நான் பேசுறேன். அன்னைக்கு அடுப்பங்கரையில சொன்னது பொய்.”

எவேலியோவின் கை நிற்கவில்லை. இடது புருவத்துக்குத் தூரிகையை நனைத்துக்கொண்டிருந்தான்.

“உனக்கு ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சதா சொன்னேன்ல? இல்ல. இருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன். நீ மூணாவது ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போனதும் ரெக்லா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனேன். அவளுக்கும் இருக்கட்டும் தாயே, அவள இங்க அனுப்பிடுன்னு. இங்க தனியா என்னால முடியல எவே. நீ வர்றன்னு இங்க சொன்ன அன்னைக்கு நான் ரெண்டு தட்டு சோறு சாப்புட்டேன்.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப்போடுகிற சத்தம். எவேலியோ தூரிகையைத் தண்ணீரில் அலசினான். துணியில் துடைத்தான். பெட்டியில் அதன் இடத்தில் வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டான்.

“மிச்சத்த நீ போடு,” என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போனான்.

காலடிச் சத்தம் தேய்வதை நிவால்டோ கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு இடது கண்ணை மூடி என் பக்கம் முகத்தைக் காட்டினான். வாழ்நாளில் யாருக்கும் நான் மை போட்டதில்லை. கோடு கோணலாக இழுபட்டது. துடைத்தேன், கறுப்பு பரவிற்று.

“ரெண்டும் ஒரே மாதிரி இருக்கா?” என்று கேட்டான்.

“ஒரே மாதிரி இருக்கு,” என்றேன்.

அப்படியே மேடைக்குக் கொண்டுபோனோம். ஒரு பக்கம் அரசி, மறு பக்கம் அடி வாங்கியவள். முதல் வரிசையில் ஒரு நர்ஸ் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள். நிவால்டோ சத்தம் வந்த திசைக்கெல்லாம் தலை வணங்கினான். அவள் கூட்டத்துல இருக்காளா என்று என்னிடம் கேட்டான். கடைசி வரிசையில் நிற்கிறாள் என்றேன். அதுவும் பொய். எவேலியோ சலவைக் கொட்டகையில் இருந்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஐந்து வாரம் கழித்து நிவால்டோ போய்ச் சேர்ந்தான். அந்த ஐந்து வாரமும் எவேலியோ அவன் அறைப் பக்கம் வரவில்லை. நிவால்டோவின் படுக்கை விரிப்பு ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை அழுக்காகும். ஒவ்வொரு தடவையும் கொதிக்க வைத்துத் துவைத்து, ஓரம் கத்தியாய் நிற்க இஸ்திரி போட்டுத் திரும்பி வரும். எல்லோருடையதும் அப்படித்தான் வரும் என்பதால் நான் அதற்கு அர்த்தம் எதுவும் கற்பிக்கவில்லை. அடக்கத்துக்கு எவேலியோவைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றான்.

அடுத்த வருடம் சட்டம் மாறியது. விரும்பியவர்கள் வீட்டுக்குப் போகலாம், வெளியிலிருந்தே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். எவேலியோ பெட்டியைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினான். நாலாம் நாள் திரும்பி வந்துவிட்டான். அவன் அறையில் தங்கையின் மூத்த பெண்ணும் அவள் புருஷனும் குடியிருந்தார்கள். நெரெய்தா அவனுக்கு வாசல் அறையில் கட்டில் போட்டுத் தந்தாள், தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்தாள். மூன்றாம் நாள், அண்ணே, அங்கேயே இருந்தா உனக்குப் பாலாவது கிடைக்கும், எங்களுக்கும் கறி வரும், யோசிச்சுப் பாரு என்றாளாம். யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கறி அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை. குழந்தைகள் என்ன செய்யும் என்பான்.

தொண்ணூற்றைந்தில் அவனுக்கும் நோய் முற்றியது. நான்தான் கூட இருந்தேன். ஒருநாள் காலை, கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, நீண்ட நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்: அவனை மன்னித்துவிட்டாயா?

எவேலியோ வாயிலிருந்த கஞ்சியை விழுங்கினான்.

“பேர் சொன்னத மன்னிச்சிருப்பேன்டி. நெருக்கினா யாரும் சொல்லிடுவாங்க. கூடவே உக்காந்து என்னோட சேந்து பேர் குடுத்தவனத் திட்டினாளே. ஒன்றரை வருஷம். அதத்தான் முழுங்க முடியல.”

“அப்போ அந்த மெழுகுவத்தி?”

“அது...” என்று நிறுத்தினான். “அந்த அளவுக்கு யாரு எனக்காக வேண்டியிருக்கா, சொல்லு.”

சிரித்தானா, இருமினானா தெரியவில்லை. இன்னொரு கரண்டி வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டான்.

நவம்பர் ஒன்பதாம் தேதி இறந்தான். நெரெய்தா அவனுக்குப் போட்டுவிட ஒரு கறுப்பு கோட்டைக் கொண்டுவந்தாள். அது கசங்கியிருந்தது. சலவைக் கொட்டகையில் அடுப்பு மூட்டி, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, என்னால் முடிந்தவரை நானே தேய்த்தேன். கழுத்துப்பட்டை நிற்கவே இல்லை.